இல்லைக்கு இரண்டு சொல்

இஸ்தான்புல்
12.06.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் தம்பி வசீகரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று, கோயில் இல்லாத ஊரில் இருந்து எந்தத் திசை என்று தெரியாமலே கும்பிடுகிறேன்.

இத்தாலிக்கு வழி இன்னும் திறக்கவில்லை. ஏஜென்சிக்காரன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறான். நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் எங்களை அடைத்து வைத்திருக்கிறான். பாஸ்போர்ட்டுகள் எல்லாம் சிவானந்தனிடம். உங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் இரத்தினம்மா மாமியின் மகன்தான். இங்கே ஏஜென்சிக்காரனின் வலது கை. மேல்மாடியில் வீட்டுக்காரி மெலிஹா. நல்ல மனுசி, நாங்கள் எங்களுக்குள் அடிபட்டால் தும்புத்தடியால் தரையைத் தட்டுவாள்.

பகலில் தோல் பட்டறையில் வேலை. நேற்று ஒரு ஆப்கானியனின் இரண்டு விரல்கள் வெட்டுக் கத்தியோடு போய்விட்டன. முதலாளி முதலில் தோலில் பட்ட இரத்தத்தைத் துடைத்தான், பிறகுதான் அவனைப் பார்த்தான். அவனுக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. பாஷை தெரியாதவன் அடி வாங்கத்தான் லாயக்கு. ஆகவே நான் துருக்கி படிக்கிறேன். நாளைக்கு நீங்களும் இந்த வழியால்தான் வரவேண்டும், நீங்களும் படியுங்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. எங்களைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறார்கள். எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்தே, வீட்டில். வால் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான். பிச்சாக் என்றால் கத்தி. ஒலு என்றால் செத்தவர். வார் என்றால் இருக்கிறது. யோக் என்றால் இல்லை. இந்த இரண்டும் இருந்தால் பாதி நகரத்தைச் சமாளிக்கலாம்.

தம்பியைக் கவனமாகப் பாருங்கள்.

அன்புத் தம்பி
கேதீஸ்


கொட்டாஞ்சேனை
05.07.1997

அன்புள்ள தம்பி கேதீசுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. இனிமேல் கைவிரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை ஆரம்பி.

ஊரெல்லாம் தமிழ் டியூசன் சொல்லிக் கொடுக்கிற என்னை நீ மாணவி ஆக்கிவிட்டாய். சரி. பயிற்சியைத் திருத்து: எவ்தே சு வார். எவ்தே ஷெகெர் யோக். தண்ணீர் இருக்கிறது, சீனி இல்லை. பொய்யில்லை, சீனி உண்மையாகவே முடிந்துவிட்டது. ஸவாஹிர் நானாவின் கொமியூனிகேசனில், போனும் தொலைநகலும் அனுப்புகிற கடையில், ஒரு பழைய ஆங்கிலம்-துருக்கி அகராதி கிடைத்தது. யாரோ கப்பல்காரன் விட்டுப் போனதாம். அம்மாவை அவர்கள் ‘அன்னெ’ என்கிறார்களே, எங்களிடம் திருடினார்களா? பிச்சாக் என்பதும் எங்கள் பிச்சுவாவின் ஒன்றுவிட்ட சகோதரன் போல் இருக்கிறது.

வசீ வெள்ளவத்தையில் லொட்ஜில்தான் இருக்கிறான். கம்பியூட்டர் வகுப்பு அங்கே. என் அறையில் ஆண்பிள்ளை தங்க வீட்டுக்காரி விடமாட்டாள். போன கிழமை காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒருவன் கன்னத்தில் அறைந்திருக்கிறான். காது இன்னும் இரைகிறதாம். “பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு இருந்தா அறையத்தானே செய்வினம்” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரத்தினம்மா மாமி தன் மகனை விசாரித்துக்கொண்டே இருக்கிறா. அவனோடு ஒற்றுமையாக இரு.

அக்கா
பவளராணி


இஸ்தான்புல்
09.08.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு சுகம். உங்கள் சுகமும் தம்பியின் காதின் சுகமும் எழுதுங்கள்.

பயிற்சி முழுதும் சரி. அடுத்த பாடம். கார்தெஷ் என்றால் சகோதரன். கார்தெஷிம், என் சகோதரன். கித்திம், போனேன். கெல்திம், வந்தேன். ஓல்தூ, செத்துப் போனான்.

சிவானந்தனோடு ஒற்றுமையாக இருக்கச் சொல்கிறீர்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தா, நான் வேறு வழி பார்க்கிறேன் என்று கேட்டேன். கட்டில் சட்டத்தில் இருந்து இரும்பைக் கழற்றி முதுகில் போட்டான். நானும் விடவில்லை, அவன் பல்லில் ஒன்று போய்விட்டது. வாயில் இரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னான்: “கொழும்பில பொலிசோட திரியிற ஆள் எனக்கு இருக்கு. ஒரு போன் கோல் காணும், உன்ர தம்பி உள்ளுக்கு.”

அக்கா, அடியை மறந்துவிடுவேன். இந்தச் சொல்லை மறக்க முடியவில்லை. தம்பி இரவில் வெளியே போகவேண்டாம்.

கேதீஸ்


கொட்டாஞ்சேனை
28.09.1997

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, உன் முதுகை நினைத்தால்தான் நித்திரை வருவதில்லை.

சிவானந்தன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். பல்லுப் போனவன் பின்னே தேவாரமா பாடுவான்? கோபக்காரன் சொல்லை நெருப்பில் போடு. அவனுடைய தாயைப் பார்த்தால் அவனைக் கெட்டவன் என்று நினைக்க முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நேரமும் கஞ்சி கொண்டுவந்து பருக்கியது அந்த மனுசிதான். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இனி அவன்மேல் கை வைக்காதே.

ஒரு இலக்கணச் சந்தேகம். எங்களிடம் ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு. வீடு இல்லை என்றால் வீடே கிடையாது. இது வீடு அல்ல என்றால் வேறு ஏதோ ஒன்று. பேசும்போது இரண்டுக்கும் இல்லை என்றே சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்குத் தொண்டை வற்றுகிறது. துருக்கியிலும் ‘அல்ல’ என்று தனியாக உண்டா, அல்லது யோக்கே இரண்டுக்கும் போதுமா? அகராதியில் ஆங்கில ‘நொட்’ இருக்க வேண்டிய பக்கங்களைக் கப்பல்காரன் சுருட்டுச் சுற்றப் பாவித்துவிட்டான் போல, அந்த இடமே கிழிந்து கிடக்கிறது.

அக்கா
பவளராணி


இஸ்தான்புல்
17.10.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது என்று றேடியோவில் கேட்டதில் இருந்து நீங்கள் சுகமா என்பது ஒன்றுதான் என் கேள்வி. குண்டு வெடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பியை லொட்ஜில் இருந்து எடுத்து எங்காவது வையுங்கள்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில். உண்டு. ‘அல்ல’ என்பதற்குத் தெயில். எவ் யோக், வீடு இல்லை. பு எவ் தெயில், இது வீடு அல்ல. துருக்கியர் பேச்சிலும் இதைக் கலக்கமாட்டார்கள். நீங்களும் கலக்காதீர்கள், டீச்சருக்கு வெட்கம்.

கேதீஸ்


கொட்டாஞ்சேனை
23.10.1997

அன்புள்ள தம்பிக்கு,

என் சுகத்தை விடு. வசீயைப் பற்றிப் போனில் சொன்னது பாதிதான், பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

ஞாயிறு விடியற்காலை லொட்ஜைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டவில்லை, உதைத்து உடைத்திருக்கிறார்கள். பொடியன்கள் எல்லோரையும் கட்டின சாரத்தோடு படிக்கட்டில் வரிசையாக இருத்தி, இறங்க இறங்கத் துவக்குப் பிடியால் தலையில் அடித்திருக்கிறார்கள். வசீ கண்ணாடியைத் தேடிக் குனிந்தானாம். அவனுடைய முகத்தைச் சுவரோடு சேர்த்து இடித்தார்களாம். நான் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் ஒரு ஆள் உயரத்தில் இரத்தம். லொட்ஜ் முதலாளி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு நின்றான்.

எல்லோரையும் வான் வண்டியில் ஏற்றிப் போனவர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்று எந்தப் பொலிசும் சொல்லமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வாசலாகப் போகிறேன். “மெஹே நே” என்கிறான் ஒருவன். இங்கே இல்லையாம். இரத்தினம்மா மாமி என்னோடு கூடவே வருகிறா. நேற்று ஒரு பொலிஸ்காரன் என்னைத் தள்ளிவிட்டபோது குறுக்கே பாய்ந்து அடியைத் தான் வாங்கினா.

உன்னிடம் இருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. தபாலை எல்லாம் பிரித்துப் பார்த்துப் பிந்தித்தான் விடுகிறார்கள்.

அக்கா


தொலைநகல்
கொழும்பு, 01.11.1997
பெறுபவர்: தோல் பட்டறை, இஸ்தான்புல், கேதீசுக்கு

ஹஸ்தானெதே பிர் ஒலு வார். கித்திம். கார்தெஷிம் யோக்.


கொட்டாஞ்சேனை
03.11.1997

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கு ஒரு வாய் சோறு சாப்பிட்டேன், அந்த அளவில் சுகம்.

தொலைநகல் கிடைத்திருக்கும், போனில் சொல்ல முடியாமல் கடை முழுக்க ஆட்கள். தமிழில் எழுதினால் அனுப்பமாட்டேன் என்றார் ஸவாஹிர் நானா, பொலிஸ் வந்து தாள் தாளாகப் பார்க்கிறதாம். ஆங்கிலம் என்றால் அவர்களுக்கே புரியும். பிணம் பார்க்கப் போன சொந்தக்காரரையும் குறித்து வைக்கிறார்கள். அதனால்தான் துருக்கி. “லெதர் ஓடர்”, தோல் வியாபாரம், என்று நானா சமாளித்தார்.

கால்வாயில் ஒரு பொடியன் கிடக்கிறான், வசீயின் வயதுதான் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனேன். மாமி கையைப் பிடித்துக்கொண்டா. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். முகம் என்று ஒன்று இருக்கவில்லை. கட்டையால் அடித்தே அழித்திருந்தார்கள். நகம் ஒன்றும் இல்லை. மாமிதான் துணியைக் கீழே இழுத்துக் காலைப் பார்த்தா. “உன்ர தம்பிக்கு நாய் கடிச்ச தழும்பு எங்க? இது உன்ர தம்பி இல்லையடி பிள்ளை, நல்லாப் பார், உன்ர தம்பி இல்லை” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதா. யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை அங்கே கிடக்கிறது, நாங்கள் சந்தோசத்தில் அழுதோம். கடவுள் மன்னிக்கட்டும்.

மாமி சொன்னதைத்தான் அப்படியே துருக்கியில் போட்டேன். ஹஸ்தானெ ஆஸ்பத்திரி, பிர் ஒன்று என்று அகராதியில் எடுத்தேன், ஆனால் ‘இல்லை’க்கு என்னிடம் இருந்த சொல் யோக் மட்டும்தான். விளங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா


கொட்டாஞ்சேனை
15.11.1997

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். எல்லோரும் என்று எழுதுகிறேன், கவனித்தாயா? வசீ வந்துவிட்டான்!

புதன்கிழமை பின்னேரம் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து ஒழுங்கை முனையில் தள்ளிவிட்டுப் போனார்கள். உள்ளங்கால் இரண்டும் வெடித்திருக்கின்றன. தலைகீழாகக் கட்டி அடித்திருக்கிறார்கள். முன்பல் இல்லை. இடது கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் ரசம் கேட்டான், தம்பி. மாமி வைத்துக் கொடுத்தா. வீட்டுக்காரி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் என் அறையில் படுக்க விட்டுவிட்டாள்.

யாராவது பெயர் கொடுத்துத்தான் பிடித்தார்களா என்று கேட்டேன். “ஒருத்தரும் குடுக்கேல்லை அக்கா. அவங்கள் லொட்ஜ் முழுக்க அள்ளினவங்கள். என்ர பேரே அங்க போய்த்தான் கேட்டவங்கள்” என்கிறான். ஆகவே சிவானந்தன்மேல் வைத்த சந்தேகத்தைத் துடைத்து எறி. அவனுக்கும் சொல், அவனுடைய தாய்க்கு நான் ஏழு பிறப்புக்கும் கடமைப்பட்டவள் என்று.

உன் ஒக்டோபர்க் கடிதம் இன்றுதான் வந்தது. வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தெயில் என்று ஒரு சொல் இருக்கிறதாமே! அப்படியானால் நான் அனுப்பினது பிழை. அது என் தம்பி அல்ல என்பதற்குக் கார்தெஷிம் தெயில் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும், யோக் என்றால் தம்பியே இல்லை என்று ஆகிவிடும். நீ வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஒரு கணம் பயந்திருந்தாலும் பிறகு விளங்கியிருக்கும். விளங்கியதுதானே?

ஏன் ஒரு வரி கூட எழுதவில்லை? பட்டறைக்குப் போன் எடுத்தேன், உன் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள்.

அக்கா
பவளராணி


கொட்டாஞ்சேனை
26.11.1997

தம்பி,

நீ எங்கே இருக்கிறாய் என்று இப்போது தெரியும். இந்தக் கடிதத்தை மெலிஹாவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவள் கொண்டுவந்து தருவாள் என்று நம்பிக்கை.

திங்கட்கிழமை மாமி ஓடிவந்தா. “பிள்ளை, சிவா கோல் எடுக்கிற கடையில துருக்கியில இருந்து ஆரோ கதைக்கினமாம். ஸவாஹிருக்கு விளங்கேல்லை. நீதானே படிக்கிறனி, வா.” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. மகன் இத்தாலிக்குப் போய்விட்டான் என்று நினைத்து முகம் முழுக்கச் சிரிப்பு.

மெலிஹா ஒவ்வொரு சொல்லாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். சிவா. பிச்சாக். சிவா ஓல்தூ. கேதீஸ் போலிஸ்தே. கத்தி, செத்துப் போனான், பொலிசில்: எல்லாம் நீ படிப்பித்த பாடம். நான் ஏன், ஏன் என்று தமிழில் கேட்டேன். அவளுக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. நீ கத்தியோடு ஓடிவந்தபோது கத்திக்கொண்டே வந்ததை அவள் போனில் கத்திக் காட்டினாள். கார்தெஷிம் யோக். கார்தெஷிம் யோக்.

என்னுடைய வாக்கியம், தம்பி. எழுத்துப் பிசகாமல் என்னுடைய வாக்கியம்.

மாமி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “என்னவாம் பிள்ளை, சுகமாமோ?” என்று கேட்டுக்கொண்டே நின்றா. லைன் சரியில்லை மாமி என்றேன். அதன்பிறகு நான் அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவ இரவும் வசீயின் காலுக்கு நல்லெண்ணெய் பூச வருகிறா.

ஏன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை? ஒரே ஒரு கோல், தம்பி.

பவளம்


இஸ்தான்புல், சிறை
22.12.1997

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. உங்கள் கடிதங்கள் நாலும் ஒன்றாக வந்தன. தம்பி ரசம் கேட்டான் என்ற வரியை வாசித்த பிறகு மற்றவற்றை வாசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

தொலைநகல் பட்டறைக்கு வந்தபோது தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். தெயில் நான் உங்களுக்கு எப்போதோ எழுதிவிட்டேனே. டீச்சர், இலக்கணம் பிசகமாட்டா, யோக் என்று எழுதினால் யோக்தான் என்று நினைத்தேன். போன் எடுத்துப் பார்க்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. கையில் கத்தி இருந்தது. வீடு வரைக்கும் ஓடினேன். சிவானந்தன் படுத்திருந்தான். எழும்ப விடவில்லை. எத்தனை தரம் குத்தினேன் என்று கோர்ட்டில் சொன்னார்கள், அதை உங்களுக்கு எழுதமாட்டேன். “நான் இல்லையடா, நான் இல்லையடா” என்று கத்தினான். மேலே மெலிஹா தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

உங்கள்மேல் பிழை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமியிடம் சொல்லாதீர்கள். அவவுக்குப் பழிவாங்க ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி நடக்க முடியாமல் அந்த வீட்டிலேயே கிடக்கிறான். சிவா எங்கேயோ காணாமல் போய்விட்டான் என்று இருக்கட்டும்.

கேதீஸ்


கொட்டாஞ்சேனை
14.01.1998

கேதீசுக்கு,

பவளராணி எழுதுகிறேன், என் சொல் கொஞ்சம்தான். மாமி நேற்றுப் பொங்கலுக்குப் பானை எடுத்துவைத்துவிட்டு, “சிவாவுக்கும் அங்க பொங்கல் இருக்குமோ?” என்று கேட்டா. அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன் கடிதத்தை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை வாசித்துக் காட்டினேன். விறகுக் கட்டையால் என்னை அடித்தா. கையை மறைக்காமல் நின்றேன். வசீயின் பக்கம் திரும்பியபோதுதான் குறுக்கே போனேன். ஆனால் அவ அவனுடைய காலைப் பார்த்துவிட்டு, கட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டா. காலையில் வந்து, எழுது என்று எனக்கு முன்னால் இருந்தா. வலது கை வீங்கியிருக்கிறது, எழுத்துக் கோணலாக இருக்கும். இனி வருவது மாமி சொல்லச் சொல்ல எழுதினது.

“தம்பி கேதீஸ். நீ சுகமாய் இருக்க வேணும் எண்டு நான் எழுதமாட்டன். உன்ர தம்பியைத் தேடி நான் வாசல் வாசலாய்த் திரிஞ்சனான். அந்தச் செத்த பொடியன்ர காலைப் பிடிச்சுப் பார்த்தவள் நான். உன்ர கொக்கா பவளம் ஏதோ துருக்கிச் சொல்லுப் பிழைச்சுப் போச்சுது எண்டு அழுகிறாள். அது எனக்குத் தெரியாது, நான் படிக்காதனான். என்ர பிள்ளை உன்னட்டைத் துருக்கியில சொல்லேல்லை. ‘நான் இல்லையடா’ எண்டு தமிழிலதானே சொன்னவன். அதுவுமோ உனக்கு விளங்கேல்லை?”